பன்றியிறைச்சியை அன்னாசி மிருதுவாக்குவது எப்படி?

காண்டன் நகரத்துச் சீனச் சமையலில் பன்றியிறைச்சியோடு அன்னாசிப்பழம் சேரும்போது, புளிப்பும் இனிப்பும் கொழுப்பின் கனத்தைத் தணிக்கின்றன என்பது நாவுக்கே தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத காரியம் ஒன்றும் உண்டு. பச்சை அன்னாசியின் ரசத்தில் புரோமெலைன் என்னும் நொதி இருந்து, மாமிசத்திலுள்ள புரதச் சங்கிலிகளை ஆங்காங்கே துண்டிப்பதால், தசைநார்கள் தளர்ந்து மிருதுவாகின்றன. கால் மணி அல்லது அரைமணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுவதும் விட்டுவைத்தால் மேற்பரப்பு குழைந்து மாவாகிவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசியோ, பதப்படுத்தும் உஷ்ணத்தில் அந்நொதி நாசமாகிவிட்டபடியால், சுவை தருமேயன்றி மிருதுவாக்காது.

துரிதமான இரவு உணவுக்கு, முதுகெலும்பை ஒட்டிய கொழுப்புக் குறைந்த தசையே உத்தமம். அது அதிகம் உழைக்காத தசையாகையால், நெடுநேரம் வெந்தால்தான் கரையும் கொலாஜன் அதில் சொற்பம். தயாமின் என்னும் பி1 ஜீவசத்தோ ஏராளம். ஆனால் உஷ்ணம் மிகுந்தால் புரதங்கள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றும். இறைச்சி வறண்டு போகும். புழுத்தொற்றுக்கு அஞ்சி நன்கு வறட்டிச் சமைப்பதே முன்னோர் வழக்கம். ஆயினும், முழுத் துண்டின் மையம் 63 பாகை செல்சியஸை எட்டி, பிறகு 3 நிமிஷம் அப்படியே இருந்தால் போதும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-இல் அறிவித்தது.

பழத்துண்டுகளை, இறைச்சி பொன்னிறமான பின்பே சட்டியில் இட வேண்டும். முன்னரே இட்டால் சாறு கசிந்து இறைச்சி வறுபடாமல் அவியும், அந்த நீர் வற்றியதும் சர்க்கரை கருகிக் கசக்கும்.