பாறையில் நின்று தூண்டில் போடப்போறீங்களா? முதல் 20 நிமிடம் கடலை மட்டும் பாருங்க!

குமரி மாவட்டம் முட்டத்துக்குப் போனவர்கள் அந்தப் பாறைகளை மறந்திருக்க மாட்டார்கள். போகாதவர்களும் 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் பார்த்திருப்பார்கள். கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும் அந்த மாதிரிப் பாறைகளைப் பார்த்தால், தூண்டில் பழக்கம் உள்ளவர்களுக்குக் கை துறுதுறுக்கும்.

காரணம் இருக்கிறது. அலை மோதும் பாறையில் சிப்பியும் நண்டும் ஒட்டிக் கிடக்கும். (குளச்சல், கடியபட்டினம் பக்கம் சிப்பிக்கறி சாப்பிட்டவர்களுக்கு நாக்கில் இப்போதே எச்சில் ஊறும்!) அலை ஓங்கி அடிக்கும்போது அவற்றில் சில பெயர்ந்து விழும். சின்ன மீன்கள் அதைத் தேடி வரும், அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். மேலே பரவும் வெள்ளை நுரை அவற்றுக்கு நல்ல மறைப்பு. பாறை, சீலா, களவா என்று கனமான மீன்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது இதனால்தான். 'பாறை' என்பது மீனின் பெயரும்தான். யாராவது "பாறையில நின்னு பாறை பிடிச்சேன்" என்றால் குழம்பாதீர்கள்.

ஆக, தூண்டில்காரருக்குக் குளம்போலக் கிடக்கும் கடலைவிட, கொஞ்சம் புரளும் கடல்தான் பிடிக்கும். சிக்கலும் அங்கேதான்.

அலைகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து அடிக்கும். பிறகு சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காததுபோல அமைதி. நீங்கள் அந்த அமைதியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால், 'பரவாயில்லையே, கடல் சாதுவா இருக்கே' என்று தோன்றும். பாறையின் விளிம்புவரை இறங்கிவிடுவீர்கள். அடுத்த கூட்டம் அப்போதுதான் வரும்.

அந்த அலை பிறந்த இடம் நம் ஊரே இல்லை. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயல் கிளப்பிவிட்டது. பக்கத்துக் காற்று எழுப்பும் அலை ஐந்தாறு நொடிக்கு ஒன்று வரும். தூரத்துப் புயலின் அலையோ 18 நொடி, 20 நொடி இடைவெளியில் வரும். அத்தகைய அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தில் நகரும். நம்ம டவுன் பஸ் வேகம்தான். ஆனால், எங்கும் நிற்காது. ஒரு நாளில் 1,200 கி.மீ. தாண்டி, சில நாள்களில் நம் கரையில் வந்து விழும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், காற்றும் இருக்காது.

காற்றும் மழையும் இல்லாமல் திருடன்போல வருவதால், கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சொல்லையே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில், ஒரு திருமணத்துக்கு வந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் கரையோரம் அலையில் சிக்கி இறந்தது இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். அவர்கள் தூண்டில் போடப் போனவர்கள் அல்ல. ஆனால் வந்த அலை ஆளைப் பார்த்து வருவதில்லையே.

எனவே, பெட்டியைத் திறப்பதற்கு முன், உயரமான இடத்தில் உட்கார்ந்து குறைந்தது 20 நிமிடம் கடலைப் பாருங்கள். பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று கவனியுங்கள். பாறையும் உங்களுக்குச் சொல்லும். கறுத்து, பாசி படிந்து, ஈரமாக இருக்கிறதா? அலை அங்கே வந்து போகிறது என்று அர்த்தம். ரப்பர் செருப்போடு அதில் கால் வைக்கவே வேண்டாம். கிளம்பும் முன் ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' மையத்தின் அலை எச்சரிக்கையை போனில் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

லைஃப் ஜாக்கெட்? "படகுலயா போறேன், கரையிலதானே நிக்கிறேன்" என்பதுதான் நம்மில் பலரின் பதில். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாறைத் தூண்டிலில் உயிர்கள் போய்க்கொண்டே இருந்ததால், 2016-ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். ஆபத்தானவை என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் தூண்டில் போட்டால் 100 டாலர் அபராதம். முதலில் அமலுக்கு வந்தது சிட்னியின் ராண்ட்விக் பகுதியில். அங்கே பல பாறைகளில் கம்பம் நட்டு மிதவை வளையமும் மாட்டி வைத்திருக்கிறார்கள். நம் பாறைகளில் அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

அதுவரை, ஆள் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேனை வீசுங்கள், அது ஆளைத் தாங்கும். 112 அல்லது கடலோரக் காவலுக்கான 1093-ஐ அழையுங்கள். விழுந்தவர் உடனே பாறையில் ஏறப் பார்க்கக் கூடாது. அடுத்த அலை அதே பாறையில் கொண்டுவந்து மோதும். நுரையைவிட்டு வெளியே நீந்தி, மல்லாந்து மிதந்து காத்திருப்பதே நல்லது.

இன்னொன்று. பலர் கீழே இறங்குவது இரண்டு நேரங்களில். மீன் மாட்டும்போது, அல்லது முள் பாறை இடுக்கில் சிக்கும்போது. மீன் என்றால் அலை ஏறும் நேரம் பார்த்து இழுங்கள், அலையே மேலே தூக்கிக் கொடுக்கும். முள் சிக்கினால் நூலை அறுத்துவிடுங்கள். ஓர் ஈயக்குண்டும் முள்ளும்தானே, கடையில் கிடைக்கும்.