ஜாருக்குள் சூரியனா? வீட்டில் செய்யும் 'கோல்டு ஃபியூஷன்' சோதனையில் வெப்பம் எங்கிருந்து வருது?

ஒரு கண்ணாடி ஜார், பொட்டாசியம் கார்பனேட் கரைசல், டங்ஸ்டன் கம்பி, பவர் சப்ளை. வோல்டேஜை ஏற்றினால் கம்பி பளிச்சென ஒளிரும், தண்ணீர் கொதிக்கும். "கொடுத்த கரண்ட்டைவிட அதிக வெப்பம் வருது, இது அணுசக்தி" என்கிறார்கள் இதைச் செய்யும் ஆர்வலர்கள் சிலர். நிஜமாவா?

கோல்டு ஃபியூஷன்னா என்ன?

சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைகின்றன. அதுபோன்ற இணைவை அறை வெப்பநிலையிலேயே நடத்திவிட்டதாக 1989 மார்ச் 23-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மன், ஸ்டான்லி போன்ஸ் அறிவித்தார்கள். கன நீரில் பல்லேடியம் கம்பியை வைத்து மின்சாரம் செலுத்தியதுதான் அவர்களின் சோதனை. பல ஆய்வகங்கள் முயன்றும் அதை உறுதி செய்ய முடியவில்லை. கூகுள் நிதியுதவியில் நடந்த ஆய்வும், ஆதாரம் கிடைக்கவில்லை என்றே 2019-ல் 'நேச்சர்' இதழில் சொன்னது.

அப்போ அந்தக் கூடுதல் வெப்பம்?

பெரும்பாலும் அளவீட்டில் வரும் கோளாறுதான்.

முதலாவது, கரண்ட். கம்பி ஒளிரும்போது மின்னோட்டம் நொடிக்குப் பலமுறை எகிறி இறங்கும். சாதாரண மல்ட்டிமீட்டர் அதைச் சரியாகப் பிடிக்காது. செலவான மின்சாரம் குறைவாகத் தெரியலாம்.

இரண்டாவது, தண்ணீர். கொதிக்கும் 1 கிராம் நீர் ஆவியாக சுமார் 2,260 ஜூல் வேண்டும். ஆனால் ஜாரில் துளித்துளியாகத் தெறித்து வெளியேறும் நீருக்கு அவ்வளவு தேவையில்லை. குறைந்த நீர் எல்லாம் ஆவியானதாகக் கணக்குப் போட்டால், இல்லாத ஆற்றல் காகிதத்தில் வந்துவிடும்.

ஆபத்து என்ன?

மின்சாரம் பாய்ந்ததும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியாகும். அவை மூடிய இடத்தில் சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். 1992 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில் கோல்டு ஃபியூஷன் சோதனைக் கலன் வெடித்து ஒரு விஞ்ஞானி உயிரிழந்தார். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்தக் கதி என்றால், வீட்டு சமையலறையில்?

வீடியோ பார்த்தால் என்ன கேட்கணும்?

அதே ஜாரில் சாதாரண ஹீட்டரை வைத்து, அதே அளவு மின்சாரம் கொடுத்து ஒப்பிட்டார்களா? நியூட்ரான் அளந்தார்களா? வேறொருவர் செய்தும் அதே முடிவு வந்ததா? இதற்குப் பதில் இல்லையென்றால், அது வெந்நீர் போடும் வேலைதான்.