ஆக்கம் நிலைபெறுமாறு

மக்கள் வாழ்க்கை முன்னாளினும் இந்நாளிற் பல துறைகளில் ஏற்றம் பெற்றுள்ளது என்பதனை மறுப்பார் இலர். பிள்ளைப் பருவத்திலேயே இறப்பார் தொகை குறைந்தது. எழுத்தறிந்தார் தொகை பெருகிற்று. கொள்ளை நோய்கள் சில அடங்கின. ஆயினும், இவ்வேற்றம் நெடுங்காலம் நிற்குமோ, அன்றி ஏறியவாறே இறங்குமோ என்னும் ஐயம் ஆராய்வார் உள்ளத்தில் இயல்பாகவே எழுகின்றது. நில்லாது என்பார் கூற்றையும், நிற்கும் என்பார் கூற்றையும் எடுத்து அவற்றின் வலிமை மெலிமைகளை அளந்து, நாம் கொள்ளத்தக்க துணிபு இஃதெனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் முன்னேற்றம் என்னும் சொல்லின் பொருளை வரையறுத்துக்கோடல் வேண்டும். அஃது இருவகைப்படும். ஒன்று பொருட்பெருக்கம், உணவு, எரிபொருள், ஆடை, மனை முதலியன மிகுதல். மற்றொன்று அறிவுப்பெருக்கம், அவற்றை ஆக்குமாறும், நோயைத் தீர்க்குமாறும், தீமையை விலக்குமாறும் அறிதல். பொருள் ஒருவர் நுகர்ந்துழிப் பிறர்க்கு இல்லையாகும். அறிவோ பலர்க்குக் கொடுப்பினும் கொடுத்தார்மாட்டுக் குறைதல் இல்லை. இவ்வேறுபாட்டை மறந்து வாதிடுதலினாலேயே இருதிறத்தாரும் மயங்குவாராயினர்.

இனி, நில்லாது என்பார் கூற்றை எடுத்துக்கொள்வாம். 1798-ஆம் ஆண்டில் மால்தஸ் என்னும் ஆங்கில அறிஞர், மக்கள்தொகை இரட்டித்து இரட்டித்துப் பெருகும், உணவோ படிப்படியாகக் கூடுமளவிற்றே ஆகலின், பசியும் பிணியும் மக்களை என்றும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும் என்றார். 1865-இல் ஜெவன்ஸ் என்பார், பிரிட்டனின் செல்வமெல்லாம் நிலக்கரியைப் பற்றியது, ஆழத் தோண்டுந்தோறும் விலை ஏறும், ஆதலின் அந்நாட்டின் வளர்ச்சி தடைப்படும் என எழுதினார். 1898-இல் வில்லியம் குரூக்ஸ் என்னும் வேதியியலார், கோதுமைக்கு எருவாகச் சிலி நாட்டினின்று வரும் வெடியுப்பு தீர்ந்துபோமென்றும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து எருவாக்கும் வழியை வேதியியலார் காணாவிடிற் பஞ்சம் நேருமென்றும் எச்சரித்தார்.

இம்மூவர் கூறியவாறு நிகழ்ந்ததோ எனின், நிகழ்ந்திலது. மால்தஸ் எழுதிய காலத்தில் உலகமக்கள் ஏறத்தாழ 100 கோடியர். 2022-ஆம் ஆண்டில் 800 கோடியராயினர். 1909-இல் ஜெர்மன் நாட்டு ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மிக்க அழுத்தத்திற் கூட்டி அம்மோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதனைப் பேரளவில் நடத்தும் வழி கண்டார். 1913-இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் ஆலை தொடங்கிற்று. இன்று உலகமக்களுட் பாதியளவினர்க்கு வேண்டும் உணவு இவ்வெருவின் உதவியால் விளைகின்றது என மதிப்பிடுவர். ஜெவன்ஸ் அஞ்சிய நிலக்கரியோ தீர்ந்துபோகவில்லை. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்னிலையத்தை 2024-இல் தானே மூடிற்று.

அற்றேல், முட்டுப்பாடு நேருந்தோறும் புதியதொன்று கண்டுபிடிக்கப்படும், ஆதலின் ஆக்கம் தானே நிற்கும் எனக் கொள்ளலாமே எனின், அற்றன்று. என்னை? முன் மூன்று முறை வழி கிடைத்தமையால் நான்காம் முறையும் கிடைக்கும் என்பது துணிபன்று, எதிர்பார்ப்பே. அன்றியும், கண்ட வழிகள் புதிய முட்டுப்பாட்டை உடன்கொண்டே வந்தன. அம்மோனியா ஆலைகள் பெரும்பாலும் நிலவாயுவையும் நிலக்கரியையும் கொண்டே நடக்கின்றன. வயலில் தங்காத எரு நீர்நிலைகளை அடைந்து பாசியைப் பெருக்கி மீனைக் கொல்லுகின்றது. நிலக்கரியைப் பற்றிய அச்சமும் இடம் மாறிற்று. அது தீருமே என்பதன்று, அதனை எரித்தலால் உலகு வெப்பமுறுகின்றதே என்பதே இன்றைக் கவலை. ஆகவே, ஒரு பொருளின் இடத்தில் மற்றொரு பொருளை வைத்தது அறிவே என்பதும், அவ்வறிவு உள்ளவரையே ஆக்கமும் உளதாம் என்பதும் பெறப்படும்.

அங்ஙனமாயின், பொருள் தேயினும் அறிவு தேயாதாகலின் அதன்வழிப்பட்ட ஆக்கமும் தேயாது என்று வாதிப்பாரும் உளர். இதுவே நுணுகி ஆராயற்பாலது. அறிவு கொடுத்தலாற் குறையாது என்பது மெய். ஆயின் கொள்வார் இன்மையால் அது குறையும். இதற்குக் கடலோடிகளின் வரலாறொன்று தக்க சான்றாகும்.

நெடுங்கடல் ஓடுவார்க்கு ஸ்கர்வி என்னும் நோய் உண்டு. பல்லீறு வீங்கிக் குருதி கசியும். ஆறிய பழம் புண் மீண்டும் வாய் திறக்கும். உடல் தளர்ந்து இறப்பு நேரும். போரினும் இந்நோயால் மாண்ட மாலுமிகள் பலராவர். 1747-இல் ஸாலிஸ்பரி என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் லிண்ட், நோயுற்றார் பன்னிருவரை இருவர் இருவராக ஆறு கூறாக்கிக் கூறுதோறும் வெவ்வேறு மருந்தளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். 1753-இல் இதனை நூலாகவும் வெளியிட்டார். எனினும், ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இலேயாம். பின்னர் நோய் அப்படையினின்று பெரும்பாலும் நீங்கிற்று. ஈண்டு ஆக்கம் எய்தப்பட்டது.

எய்திய அது நின்றதோ? 1860-ஆம் ஆண்டுகளில் அக்கடற்படை, மத்தியதரைக் கடற் பக்கத்து மஞ்சள் நிறப் பெரிய எலுமிச்சையை விடுத்து, மேற்கிந்தியத் தீவுகளிற் பயிராகும் சிறிய பச்சை எலுமிச்சையை மேற்கொண்டது. இரண்டும் புளிப்புடையன, ஆங்கிலேயர் வழக்கில் இரண்டன் பெயரும் ஒன்றற்கொன்று மயங்கி வழங்கின. ஆயின் நோய் தீர்க்கும் ஆற்றல் பின்னதன்கண் மிகக் குறைவு. அக்குறை உடனே வெளிப்பட்டிலது. நீராவிக் கப்பல்கள் வந்தமையால் பயணங்கள் குறுகின, நோய் தோன்றுமுன்னரே கரை சேர்ந்தனர். 1875-76-இல் நேர்ஸ் என்பார் தலைமையில் வடதுருவ நோக்கிச் சென்ற குழுவினருட் பலர் இந்நோய்ப்பட்டனர். குழு முன்னதாகவே திரும்பிற்று. அதன்பின், எலுமிச்சையே மருந்தென்னும் நம்பிக்கை தளர, கெட்ட இறைச்சியின் நஞ்சே நோய்க்குக் காரணம் என்னும் பிழையான கொள்கை தலையெடுத்தது. 1901-இல் தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட ஸ்காட் குழுவினர் தகரத்தில் அடைத்த இறைச்சியை ஆராய்ந்து ஆராய்ந்து உண்டனர். எனினும் நோய் அவர்களை விட்டிலது. நூறாண்டுக்கு முன் அறிந்ததொன்று, அறிந்த நாட்டிலேயே அறியாததாயிற்று!

1907-இல் நார்வே நாட்டு ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்னும் இருவர் கினிப்பன்றிகளிடத்து இந்நோயை உண்டாக்கிக் காட்டிய பின்னரே உண்மை மீண்டும் துலங்கலாயிற்று. 1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவ்வாற்றலுக்குரிய பொருள் வைட்டமின் சி எனத் தெளிவாக வரையறுக்கப்பட்டது.

இவ்விழப்பிற்குக் காரணம் மூன்று. செயலை அறிந்தார், ஏதுவை அறிந்திலர் என்பது ஒன்று. நோய் தீர்த்தது புளிப்பென எண்ணினமையால் புளிப்புடையது எதுவாயினும் அமையுமென்றனர். ஒரு பெயரால் இரு பொருளை மயங்கக் கொண்டமை இரண்டு. நோயின்மையே நோயச்சத்தை மறப்பித்தமை மூன்று. இவற்றுள் மூன்றாவது மிகக் கொடிது. வெற்றியே மறதிக்கு வித்தாதலின்.

இழந்த அறிவு மீண்டும் கிடைத்தமையின் இழுக்கில்லையே எனின், அறிவு மீண்டது. இடையில் மாண்டார் மீண்டிலர். அன்றியும், அது மீண்டது தானாகவன்று. லிண்ட் செய்த சோதனை நூல்வடிவில் நின்றமையானும், புதிதாகச் சோதிக்கும் முறையும் சோதிப்பாரும் இருந்தமையானுமே மீண்டது. அவ்விரண்டும் இல்லாத நாட்டில் இழந்தது இழந்ததேயாம்.

இம்மறதி பண்டை நாளோடு ஒழிந்ததென்று கருதற்க. பெரியம்மை இயற்கையிற் கடைசியாகத் தோன்றியது 1977-இல் சோமாலியா நாட்டிலாம்; 1980-இல் அஃது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இதனினும் சிறந்த வெற்றி அரிது. ஆயின், தட்டம்மை அங்ஙனம் ஒழிந்திலது. தடுப்பூசியால் அது கண்ணிற்படாத ஊர்களில் ஊசி எற்றுக்கு என்பார் தோன்றுகின்றனர். ஊசியிடுவார் தொகை குறைந்தவழி நோய் மீளுகின்றது. பெனிசிலினைக் கண்ட ஃபிளெமிங், அதனைக் குறைந்த அளவிற் கண்டவாறு உண்பின் கிருமிகள் அதனைத் தாங்கும் வன்மை பெறும் என 1945-இலேயே உரைத்தார். அவர் அஞ்சியவாறே இந்நாளிற் பல மருந்துகள் சில கிருமிகள்மேற் செல்லாவாயின.

ஆகவே, ஆக்கம் மலைபோல் தானே நிற்பதன்று; ஏடுபோல் நிற்பது. பனையோலை ஏடு சில நூற்றாண்டுகளிற் செல்லரித்தும் இற்றும் அழியும். நூல் நிலைத்தது பெயர்த்தெழுதுவார் வழிவழி வந்தமையாலேயாம். அவருள்ளும் பொருளுணர்ந்து எழுதினாரால் நூல் காக்கப்பட்டது. எழுத்தை மட்டும் கண்டு எழுதினாரால் பாடம் பிறழ்ந்தது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிற் பதிப்பித்தற்குப் பல பிரதிகளை ஒப்புநோக்கி உழைத்த உழைப்பு, இடையில் நேர்ந்த பிறழ்ச்சிகளின் அளவைக் காட்டும். அச்சும் மின்கருவியும் எழுத்தைப் பெருக்கும். பொருளுணர்ச்சியைப் பெருக்குவது ஆசிரியனும் மாணாக்கனுமேயாவர்.

முடிவாக, மக்கள் ஆக்கம் அழிந்தேதீரும் என்றலும் நின்றேதீரும் என்றலும் ஒப்பப் பொருந்தா. முன்னது முயற்சியை வீணென்கின்றது. பின்னது முயற்சி வேண்டாவென்கின்றது. செயலோடு ஏதுவையும் கற்பித்தல், எய்திய நன்மையை எய்தற்கு முன்னிருந்த துன்பத்தோடு சேர்த்து நினைத்தல், பிழையெனத் தோன்றியதைச் சோதித்துத் திருத்தற்கு இடம் வைத்தல் என்னும் இம்மூன்றும் எத்தலைமுறையில் உளவோ அத்தலைமுறையளவும் ஆக்கம் நிற்கும். அடுத்த தலைமுறைக்கு அதனை நிறுத்தும் பொறுப்பு அதற்கு முன்னையதன் பாலதே என்பது துணிபு.