பழைய தொலைபேசியின் நிறம் கூறும் எண்கள்

ஒரு பொருளின் பிறப்பையும் வயதையும் அதன் முகத்தைக் கொண்டே தீர்மானித்து விடுவது மனித இயல்பு. ஆனால் முகம் மாறக் கூடியது. வெயிலில் வெளுக்கும், புகையில் மங்கும், பூச்சினால் மறையும். ஆகவேதான் பழம்பொருள்களை ஆராய்வோர் அவற்றின் அடியையும் உட்புறத்தையும் புரட்டிப் பார்க்கின்றனர். அமெரிக்க நாட்டின் பழைய தொலைபேசிகளைச் சேகரிப்போர் கைக்கொள்ளும் முறை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அங்கே கறுப்புத் தொலைபேசிக்கு ஒரு விலை. அரிய நிறத்துக்கு அதனினும் மிக உயர்ந்த விலை. இவ்வளவு விலை வேறுபாடு உள்ள இடத்தில் ஏமாற்றும் வந்து புகுந்து விடுவது இயல்புதானே! வாங்குவோருக்கு அரணாக நிற்பவை அப்பொருளின் மீதே பொறிக்கப்பட்டுள்ள சிறு எண்கள்தாம்.

வாடகைக்கு வந்த பொருள்

இந்த எண்கள் ஏன் தோன்றின என்பதை முதலில் அறிவது நலம். அமெரிக்காவின் பெரும்பகுதியில் தொலைபேசிச் சேவையை நடத்தி வந்தது 'பெல் சிஸ்டம்' என்னும் அமைப்பு. அதற்குரிய கருவிகளைச் செய்து கொடுத்தது 'வெஸ்டர்ன் எலக்ட்ரிக்' நிறுவனம். பல்லாண்டுக் காலம் வீட்டிலிருந்த தொலைபேசி வீட்டாருக்குச் சொந்தமானதன்று. மாத வாடகைக்கு வந்தது. வீடு மாறும்போது அது நிறுவனத்திடமே திரும்பிச் செல்லும். அங்கே அதைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்த உறுப்புகளை நீக்கி வேறு உறுப்புகளைப் பொருத்தி, மற்றொரு வீட்டுக்கு அனுப்புவர். 1984ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் பெல் சிஸ்டம் பிரிக்கப்படும் வரை இந்த ஏற்பாடு பெரிய அளவில் நடந்து வந்தது. கோடிக்கணக்கான உறுப்புகள் இவ்வாறு சுற்றி வரும்போது, எது எந்த வகை, எந்த நிறம், எந்த மாதம் செய்தது என்று கண்டறியக் குறியீடு இன்றியமையாததாயிற்று.

குறியீட்டைப் படிக்கும் முறை

1950 வாக்கில் புழக்கத்துக்கு வந்த '500' வகை மேசைத் தொலைபேசியையே எடுத்துக் கொள்வோம். ஹென்றி டிரேஃபஸ் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் கைவண்ணம் அது. தொடக்கத்தில் கறுப்பு நிறத்திலேயே கிடைத்த இவ்வகை, 1954 முதல் பல நிறங்களில் வெளிவந்தது. நிறம் வேண்டுவோர் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது.

இதன் முழுக் குறியீடு '500டி-53' என்பது போல அமையும். முதலிலுள்ள 500 என்பது கருவியின் வகை. அதையடுத்த எழுத்து அவ்வகையில் நிகழ்ந்த மாற்றத்தைக் குறிக்கும். சிறு கோட்டுக்குப் பின் வரும் எண்ணே நிறம். 3 என்றால் கறுப்பு, 50 தந்த நிறம், 51 பச்சை, 53 சிவப்பு, 56 மஞ்சள், 58 வெள்ளை, 59 ரோஜா நிறம், 60 இளம் பழுப்பு. கருவியோடு வரும் வயர்களுக்கும் இதே நிற எண் சேர்த்தே வழங்கப்பட்டது. சில கருவிகளின் அடித்தட்டில் நிற எண்ணும் காணப்படும்; பலவற்றில் வகைக் குறியீடும் தேதியும் மட்டுமே இருக்கும். ஆதலால் எண் இல்லை என்பதாலேயே ஒரு கருவியைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

இவ்வெண்கள் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்குக்கே உரியவை என்பதையும் மறத்தலாகாது. 'ஆட்டோமாடிக் எலக்ட்ரிக்' போன்ற பிற நிறுவனங்களின் கருவிகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. இங்கிலாந்தின் அஞ்சல் துறைத் தொலைபேசிகளில் முறையே வேறு. '706எல்' என்று காணப்பட்டால், இறுதியிலுள்ள 'எல்' சுழல்வட்டில் எழுத்துகளும் உண்டு என்பதைக் குறிக்கும். 'எஃப்' என்றிருந்தால் இலக்கங்கள் மட்டுமே. அதை நிறக் குறியீடு என்று எண்ணி மயங்குவோர் உளர்.

தேதிகளின் சாட்சியம்

நிற எண்ணுக்குத் துணை நிற்பவை தேதி முத்திரைகள். அடித்தட்டில் மட்டுமன்றி மேலுறையின் உட்புறத்திலும், கைப்பிடியின் உள்ளேயும், பேசும் பகுதியிலும், கேட்கும் பகுதியிலும், மணியிலும், சுழல்வட்டின் பின்புறத்திலும் மாதமும் ஆண்டும் இடப்பட்டிருக்கும். இத்தேதிகள் அனைத்தும் சில வாரங்கள் அல்லது சில மாதங்களுக்குள் அடங்கினால், அக்கருவி பிறந்தபடியே இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சேகரிப்போர் இத்தகையவற்றையே உயர்வாக மதிக்கின்றனர்.

தேதிகள் முரண்பட்டால் உடனே வஞ்சகம் என்று முடிவு கட்டுவதும் தவறு. நாம் முன்பு கண்ட வாடகை முறையினால், 1955ஆம் ஆண்டின் அடித்தட்டில் 1962ஆம் ஆண்டின் மேலுறை பொருந்தியிருப்பது இயல்பே. அது நிறுவனமே செய்த பழுதுபார்ப்பு. ஆனால் 1951 என்று முத்திரையுள்ள சிவப்பு மேலுறை ஒன்றை ஒருவர் காட்டினால், அங்கே நின்று நிதானிக்க வேண்டும். 500 வகையில் நிறங்கள் வந்தது 1954இல் அல்லவா?

பூச்சும் உள்நிறமும்

500 வகையின் மேலுறை பிளாஸ்டிக்கினால் ஆனது. நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வார்க்கப்பட்டது. எனவே உறையைக் கழற்றி உட்புறத்தை நோக்கினால் அங்கும் அதே நிறம் இருத்தல் வேண்டும். வெளியே சிவப்பும் உள்ளே கறுப்புமாக இருந்தால் அது பின்னர் பூசப்பட்ட வண்ணமே.

இதற்கு முன் 1937இல் வந்த '302' வகைக்கு இச்சோதனையை அப்படியே பயன்படுத்த இயலாது. அதன் முற்காலத்து உறை துத்தநாகக் கலப்பு உலோகம். வண்ணம் மேலே பூசப்பட்டதே. தந்த நிறம் முதலிய நிறங்களும், பழம்பித்தளை, சிலை வெண்கலம் போன்ற உலோகச் சாயல்களும் நிறுவனமே பூசி வழங்கியவை. ஆகவே இங்கே பூச்சு இருப்பது குற்றமன்று. அது யார், எப்போது பூசியது என்பதே கேள்வி.

காலம் செய்யும் மாற்றம் இன்னொன்று. வெள்ளைப் பிளாஸ்டிக் ஒளிபட்டு மஞ்சளித்துத் தந்த நிறம் போலத் தோன்றும். நீலம் பசுமை தட்டும். ஒளிபடாத உட்புறமே பிறந்த நிறத்தைச் சொல்லும். 1950களில் செய்யப்பட்ட உறைகளில் 'டெனைட்' என்னும் மென்மையான பிளாஸ்டிக் பயன்பட்டது. நாளடைவில் அது சுருங்கும். மூடி வைத்திருந்து திறந்தால் கெட்டுப்போன வெண்ணெயின் சிக்கு வாடை வீசும். பின்னர் வந்த கடினமான 'ஏ.பி.எஸ்.' பிளாஸ்டிக்கில் அவ்வாடை இராது. மூக்கும் ஒரு சோதனைக் கருவிதான்!

கவனத்தில் கொள்ள வேண்டியவை

இத்தகைய பழம்பொருள் கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, நன்றாகத் தேய்த்துக் கழுவுவதுதான். மையால் இடப்பட்ட தேதிகள் அத்தோடு அழிந்து போகின்றன. துடைப்பதற்கு முன் அடித்தட்டையும் உட்புறத்தையும் படம் எடுத்து வைப்பதும், எண்களை ஒரு தாளில் குறித்துக் கொள்வதும் நலம். நகப்பூச்சை நீக்கப் பயன்படும் அசிட்டோன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்து விடும். அதை அருகில் கொண்டு வருதல் ஆகாது. உப்புத்தாள் கொண்டு தேய்த்து மெருகேற்றினால் பளபளப்பு வரும்; சாட்சியம் போய்விடும்.

விற்போருக்கும் ஒரு சொல் உண்டு. கறுப்புக் கருவிக்குச் சிவப்பு வண்ணம் பூசி, 'பூசியது' என்று கூறி விற்பதில் பிழையில்லை. அதை '53' என்று சொல்லி விற்பதே பிழை. குறையை மறைத்துப் பெறும் விலையில் வாங்குபவரின் உரிமை பறிபோகிறது. வாங்குவோரும் விலை பேசுமுன் உறையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டா. நேர்மையான வியாபாரி அதற்காக வருந்தப் போவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து கொண்டு கொடுக்கும் விலையே இருவருக்கும் மனநிறைவைத் தரும்.