விழித்திரைப் படமும் கணிப்பொறியின் கடமையும்

உடலின் உள்ளே ஓடும் குருதி நாளங்களை, அறுத்துப் பாராமலே நேரில் காண்பதற்கு விழித்திரை ஓர் அரிய வாயில். அதனை நோக்கும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ஆம் ஆண்டு உலகுக்கு விளக்கினார். இன்று விழித்திரையைப் படமெடுத்து, எண்களாக்கிக் கணிப்பொறியில் சேமிக்கின்றனர். நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் பார்வை மங்குமுன்பே இப்படங்கள் காட்டவல்லவை.

ஆயினும் எல்லாப் படங்களும் தெளிவாக அமைவதில்லை. கண்புரை ஒளியைத் தடுக்கும். பாவை போதிய அளவு விரியாது. நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் இருளும் படியும். கணிப்பொறி இவற்றை எவ்வாறு திருத்துகிறது எனக் காண்போம்.

வண்ணப்படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் எனும் நிறங்களுக்குரிய மூன்று எண்களால் ஆனது. பொதுவாக ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். இவற்றுள் பச்சையே பெரிதும் பயன்படுவது. ஹீமோகுளோபின் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால், நாளங்களும் குருதிக் கசிவுகளும் அங்கே கருமையாகத் தனித்துத் தெரிகின்றன.

அடுத்தது கறை நீக்கம். ஒரு புள்ளியையும் அதனைச் சூழ்ந்த எட்டுப் புள்ளிகளையும் எடுத்து, அவற்றின் எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, ஐந்தாம் எண்ணை நடுப்புள்ளிக்கு இடுவர். சுற்றிலும் 90ஐ ஒட்டிய எண்கள் இருக்க, நடுவில் மட்டும் 250 இருப்பின், அப்பிழை மறைந்துவிடும்.

பின்னர், படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நெருங்கிக் கிடக்கும் எண்களை அகல விரிப்பர். இருளில் ஒளிந்த நாளம் அதனால் துலங்கும். விரிப்பு எல்லை மீறாதிருக்க ஒரு வரம்பும் இடுவர். இம்முறையை 1987இல் பைசர் குழுவினர் விளக்கினர்.

இவ்விடத்தில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நீரிழிவுக் கேட்டின் தொடக்க அடையாளம் நாளங்களின் நுண்புடைப்பு. படத்தில் அது ஒரு சிறு கரும்பொட்டே. கறையென்று கருதிக் கணிப்பொறி அதனை அழித்துவிடலாம். மிகையாக விரித்தாலோ, வெறுங்கறையே புடைப்புப்போல் தோன்றலாம். முன்னது உள்ள நோயை மறைக்கும். பின்னது இல்லாத நோயைக் காட்டும்.

பழஞ்சுவடி பதிப்பிக்கும் நல்லறிஞர் மங்கிய எழுத்தைத் துலக்குவர். இல்லாத எழுத்தைத் தாமே எழுதிச் சேர்க்கமாட்டார். பாடவேறுபாட்டையும் மறையாது காட்டுவர். கணிப்பொறிக்கும் அந்நேர்மையே வேண்டும். படத்தில் பதியாததை எக்கணக்கும் மீட்டுத் தராது. ஆகவே மூலப்படத்தையும் திருத்திய படத்தையும் ஒருங்கே மருத்துவர்முன் வைத்தல் வேண்டும்.

நீரிழிவுடைய பெரியோர், பார்வை நன்றாயிருப்பினும், ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளல் நலம். படம் தெளிவுபெறுவது காலத்தே காணும் கண்களுக்காகவே.