காசு கொடுத்து வாங்கிய கேம் காணாமல் போகலாமா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

பிரான்ஸின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமை வெளியிட்டது. தனியாளாக விளையாடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு இருந்தால்தான் அது ஓடும். 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வரை மூடிவிட்டார்கள். கடையில் வாங்கிய டிஸ்க் கையில் இருந்தும் அதன்பின் யாராலும் விளையாட முடியவில்லை. அடுத்த சில நாட்களில் பலருடைய கணக்கிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது.

யூடியூபில் கேம்களைப் பற்றிப் பேசிவந்தவர் ராஸ் ஸ்காட். போலந்தில் வசிக்கும் அமெரிக்கர். ‘தி க்ரூ’ மூடப்பட்டதையடுத்து அவர் தொடங்கியதுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். இதைப் பற்றியும், இதுபோன்ற நுகர்வோர் முயற்சிகளில் சேருவது பற்றியும் பலரும் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தரப்படுகிறது.

கேம் வெறும் பொழுதுபோக்குதானே? இதற்கென்று ஓர் இயக்கம் தேவையா?

பொழுதுபோக்காக இருந்தாலும் விலை கொடுத்து வாங்கிய பொருள் அது. மிக்சி தயாரித்த கம்பெனி கதவை மூடினாலும் நம் வீட்டு மிக்சி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேம் விஷயத்தில், விற்றவர் நினைத்தால் விற்ற பிறகும் பொருளைச் செயலிழக்கச் செய்ய முடிகிறது. அதுவும் எத்தனை நாள் ஓடும் என்று வாங்கும்போது சொல்லாமலே. இயக்கத்தின் அடிப்படைப் புகார் இதுதான்.

வாங்குவது கேமையா, விளையாடும் அனுமதியையா?

அனுமதியை மட்டும்தான் என்பது நிறுவனங்களின் வாதம். ‘தி க்ரூ’ தொடர்பாகக் கலிஃபோர்னியாவில் தொடரப்பட்ட வழக்கிலும் யூபிசாஃப்ட் இதையே சொன்னது. வாங்குபவருக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகவே கலிஃபோர்னியா அரசு 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. உரிமம் மட்டும் தருபவர்கள், அதைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குக’ என்று பட்டன் வைக்கக் கூடாது. கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் முன்கூட்டியே, 2024 அக்டோபரிலேயே, பணம் செலுத்தும் பக்கத்தில் இப்படியொரு அறிவிப்பைச் சேர்த்துவிட்டது. ஆனால், இந்தச் சட்டம் அறிவிப்போடு நின்றுவிடுகிறது. கேமை மூடுவதை அது தடுக்கவில்லை.

பிரான்ஸில் இதையொட்டிய வேறொரு வழக்கு நடந்தது. ‘யூஎஃப்சி கே ஷுவாசிர்’ என்ற நுகர்வோர் அமைப்பு ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது 2015-இல் வழக்குப் போட்டது. டிஜிட்டலில் வாங்கிய கேமை மறுபடி விற்கலாம் என்று 2019-இல் பாரீஸ் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டில் 2022-இல் அந்தத் தீர்ப்பு தலைகீழானது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் வால்வ் பக்கமே நின்றது. உரிமை யாருடையது என்ற கேள்வியில் நுகர்வோருக்கு இன்னும் உறுதியான வெற்றி கிடைக்கவில்லை.

சர்வரை ஆயுள் முழுக்க நடத்தச் சொல்கிறார்களா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். சர்வரை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தும்போது கேமை விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதே கோரிக்கை. ஆஃப்லைன் வசதி தரலாம், அல்லது விளையாடுபவர்களே சர்வர் நடத்திக்கொள்ள வழி செய்யலாம். காப்புரிமையை விட்டுக்கொடுக்கவோ மூல நிரலை வெளியிடவோ கேட்கவில்லை.

நடக்காத காரியமும் இல்லை. ‘நாக்அவுட் சிட்டி’ 2023-இல் மூடப்பட்டபோது, விளையாட்டாளர்களே சர்வர் அமைத்துக்கொள்ளும் பதிப்பை அதை உருவாக்கியவர்கள் தந்துவிட்டுப் போனார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு யூபிசாஃப்டே ‘தி க்ரூ 2’ கேமுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக அறிவித்து, 2025-இல் தந்தது.

நிறுவனங்கள் தரப்பில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. ‘வீடியோ கேம்ஸ் யூரோப்’ என்ற தொழில்துறை அமைப்பு 2025 ஜூலையில் தன் நிலையை விளக்கியது. தனியார் சர்வர்களில் தரவுப் பாதுகாப்பு இருக்காது, சட்டவிரோத உள்ளடக்கத்தை நீக்க ஆள் இருக்காது, பழி உரிமையாளர் மேல் விழலாம், இணையத்துக்காகவே வடிவமைக்கப்பட்ட கேம்களின் தயாரிப்புச் செலவு எக்கச்சக்கமாக ஏறும் என்பவை அதன் வாதங்கள். ‘தி க்ரூ’ போன்ற கேமில் நிஜக் கார் கம்பெனிகளின் பெயரும் மாடலும் வருகின்றன. அவற்றுக்கான ஒப்பந்தம் காலாவதியாகும் சிக்கலும் உண்டு.

ஏற்கெனவே முடிந்துபோன கேம்களுக்குப் பின்தேதியிட்டுச் சட்டம் கேட்கவில்லை, இனி வடிவமைக்கும்போதே முடிவையும் திட்டமிடுங்கள் என்பது இயக்கத்தின் பதில். இரு தரப்பையும் படித்துவிட்டுச் சேருவதே நல்லது. எதிர்வாதம் தெரியாமல் பேசப் போனால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

இந்தக் கோரிக்கைக்காக ஐரோப்பிய ஒன்றியத்தில் நடந்த கையெழுத்து இயக்கத்தில் யாரால் கலந்துகொள்ள முடிந்தது?

ஐரோப்பிய ஒன்றிய நாடு ஏதாவது ஒன்றின் குடியுரிமை இருக்க வேண்டும், வாக்களிக்கும் வயது ஆகியிருக்க வேண்டும். அந்த வயது பொதுவாக 18; ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற சில நாடுகளில் 16. எங்கே குடியிருக்கிறோம் என்பது கணக்கில்லை, குடியுரிமைதான் கணக்கு. ஆகவே பாரீஸில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் பிரெஞ்சுக் குடியுரிமை பெறாத ஈழத் தமிழருக்கு அதில் இடம் இருக்கவில்லை. புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடியுரிமைத் தமிழருக்கு இடம் இருந்தது. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்தில் இல்லை. அங்குள்ள தமிழர்களுக்கு ஒன்றிய நாட்டுக் குடியுரிமை தனியாக இருந்தால்தான் இடம் கிடைத்தது.

பிரிட்டனில் தனி மனு. அதில் பிரிட்டிஷ் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும் கையெழுத்திட முடிந்தது. 1.8 லட்சத்துக்கும் மேல் சேர்ந்ததால் 2025 நவம்பர் 3 அன்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. நுகர்வோர் சட்டத்தை மாற்றும் திட்டம் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது.

கையெழுத்துப் போட்டால் போதுமா?

சரியாகப் போட வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 12 மாதத்துக்குள் 10 லட்சம் கையெழுத்து தேவை. குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையையும் தொட வேண்டும். 2024 ஜூலை 31 அன்று தொடங்கிய திரட்டல் 2025 ஜூன் பிற்பகுதிவரை 5 லட்சத்தைத் தாண்டாமல் தேங்கிக் கிடந்தது. திடீரென்று யூடியூபர்கள் பலரும் பேசத் தொடங்க, ஜூலை 3 அன்று 10 லட்சம் கடந்தது. கெடு முடிந்தபோது எண்ணிக்கை 14 லட்சத்துக்கும் மேல்.

இயக்கத்தினர் 10 லட்சத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து கேட்டதற்குக் காரணம் உண்டு. கையெழுத்துகளை அந்தந்த நாட்டு அதிகாரிகள் சரிபார்ப்பார்கள். படிவம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மன் குடிமகன் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி தர வேண்டும். போலந்துக்காரர் தேசிய அடையாள எண் தர வேண்டும். புனைபெயர் போட்டாலோ, பழைய முகவரி எழுதினாலோ, நம்பரில் ஓர் இலக்கம் பிசகினாலோ அந்தக் கையெழுத்து தள்ளுபடி ஆகலாம். ஒருவரே இரண்டு முறை போடக் கூடாது. ஆர்வத்தில் வேறு நாட்டுக்காரர்போல் நிரப்பியவர்கள் இயக்கத்துக்குச் செய்தது உதவியல்ல, உபத்திரவம். சரிபார்ப்பு முடிந்தபோது ஏறக்குறைய 12.9 லட்சம் தேறியது. பத்தில் ஒன்று கழிந்துவிட்டது. 10 லட்சத்தைத் தொட்டதும் ஓய்ந்திருந்தால் மொத்த உழைப்பும் வீணாகியிருக்கும்.

10 லட்சம் கிடைத்துவிட்டால் சட்டம் வந்துவிடுமா?

வராது. அமைப்பாளர்களை ஐரோப்பிய ஆணையம் சந்திக்க வேண்டும், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பொது விசாரணை நடக்க வேண்டும், ஆணையம் ஆறு மாதத்துக்குள் என்ன செய்யப்போகிறது என்று காரணத்தோடு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சட்டம் கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பணம் கட்டிச் சேர வேண்டுமா? பின்னணியில் யார் இருக்கிறார்கள்?

கையெழுத்துக்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் சந்தேகப்படுங்கள். ராஸ் ஸ்காட் ஒன்றியக் குடிமகன் அல்லாததால் அவரால் அதிகாரபூர்வ அமைப்பாளராகவே இருக்க முடியவில்லை. ஏழு வெவ்வேறு நாடுகளில் வசிக்கும் ஒன்றியக் குடிமக்கள் ஏழு பேராவது முன்னின்றாக வேண்டும் என்பது விதி. 500 யூரோவுக்கு மேல் உதவியவர்களின் விவரத்தையும் வெளியிட வேண்டும். எந்த அமைப்பில் சேருவதற்கு முன்பும் பொறுப்பாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்துப் போட முடியாதவர் என்ன செய்யலாம்?

எழுத்தில் புகார் கொடுக்கலாம். இதன் பலன் பலருக்கும் தெரிவதில்லை. கேம் சரியில்லை என்றாலும் பணம் திரும்பக் கிடையாது என்று வால்வ் சொல்லிவந்ததை எதிர்த்து, ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2014-இல் வழக்குத் தொடர்ந்தது. நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு ஆஸ்திரேலியர்கள் பணம் திரும்பக் கேட்டு அனுப்பிய 21,000-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் நீதிமன்றத்தில் பேசுபொருளாயின. 2016-இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. அன்று பணம் கேட்டு நாலு வரி எழுதிப் போட்டவர்களில் பெரும்பாலானோர் தாங்கள் ஒரு வழக்குக்குச் சான்று சேர்க்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

வாங்கிய ரசீது, வாங்கிய அன்று கடைப் பக்கத்தில் இருந்த விளம்பர வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட், மூடல் பற்றி வந்த மின்னஞ்சல், நிறுவனத்துக்கு நீங்கள் எழுதியது, அது தந்த பதில் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். கணக்கு முடக்கப்பட்டால் அதற்குள் இருக்கும் ரசீதும் போய்விடும் என்பதால் வெளியே ஒரு நகல் அவசியம்.

கேம் உருவாக்கியவர்களைச் சமூக வலைதளத்தில் உண்டு இல்லை என்று ஆக்கினால் வேலை வேகமாக நடக்காதா?

நடக்காது. சர்வரை மூடும் முடிவு நிர்வாகத்தினுடையது. வசவு வாங்குவதோ, முடிவில் பங்கே இல்லாத புரோகிராமரும் ஓவியரும். மிரட்டல் செய்தி ஒன்று வெளியானால் போதும், பேச்சு கோரிக்கையை விட்டுவிட்டு அதன் பக்கம் திரும்பிவிடும்.

இந்தியாவில் இருப்பவருக்கு வழி உண்டா?

2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பணம் வைத்து ஆடுவதைத் தடுப்பதே அதன் முக்கிய நோக்கம். விலை கொடுத்து வாங்கிய கேம் முடக்கப்பட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் முறையிட வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வெற்றி நிச்சயம் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால், எழுத்தில் ஒரு புகாரும் பதிவாகாத வரை, இந்திய வாடிக்கையாளர்களுக்கு இதில் குறையே இல்லை என்று நிறுவனங்கள் சொல்லிக்கொள்ளலாம்.