பத்தாவது நிமிடம் மௌனம்

ஆர்டோர் என்ற இசைப்பதிவு மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கிக்கொண்டால் முதல் பத்து நிமிடம் ஒரு குறையும் தெரியாது. கிடாரை ஒரு டிராக்கிலும் குரலை இன்னொரு டிராக்கிலும் பதியலாம், வெட்டலாம், ஒட்டலாம், மிக்ஸ் செய்யலாம். பிறகு சத்தம் நின்றுவிடும். தொடர்ந்து கேட்கக் காசு கட்ட வேண்டும். எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். மாதம் ஒரு டாலர் சந்தாகூட உண்டு.

இத்தனைக்கும் ஆர்டோர் திறமூல மென்பொருள். அதன் மூலநிரலை யாரும் எடுத்து, தாமே தொகுத்து, காலணா செலவில்லாமல் இயக்கிக்கொள்ளலாம். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. காசு கேட்பது உடனே ஓடும்படி தயாரித்துத் தரும் பதிப்புக்கு மட்டும்தான். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு மனிதர்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்!

ஆர்டோரைத் தொடங்கியவர் பால் டேவிஸ். அமேசான் புத்தகக் கடையாக முளைவிட்ட நாட்களில் ஜெஃப் பெசோஸிடம் சேர்ந்த முதல் நிரலாளர்களில் ஒருவர். 1996-ல் அங்கிருந்து விலகினார். சில ஆண்டுகள் கழித்து, லினக்ஸில் பல டிராக்குகளைப் பதிய உருப்படியான கருவி இல்லையென்று தானே எழுத உட்கார்ந்தார்.

மென்பொருளில் புது வசதி வேண்டுமென்றால், மாதச் சந்தாவுக்குப் பதில் அந்த வசதிக்கே பணம் திரட்டினால் என்ன? இதைப் 'பவுண்டி' என்கிறார்கள். "இதைச் செய்து கொடு, இவ்வளவு தருகிறேன்" என்று பயனர் அறிவிப்பார், நிரலாளர் முன்வருவார். இசைக்குறியீடு அச்சிடும் லில்லிபாண்டில் இப்படிச் சில வசதிகள் வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் குழு இதில் தலையிடுவதில்லை. யார், எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நிற்கிறது. விவரமான முடிவுதான்.

கூட்டுநிதி நன்றாகவே பலித்த கதைகளும் உண்டு. இசைக்குறியீட்டு மென்பொருளான மியூஸ்ஸ்கோரின் குழு, இசையமைப்பாளர் பாக்கின் 'வெல்-டெம்பர்டு கிளேவியர்' படைப்பின் புதுப் பதிப்பையும் ஒலிப்பதிவையும் எவரும் பயன்படுத்தும்படி வெளியிட, 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் நிதி கேட்டது. 44,083 டாலர் சேர்ந்தது. இலக்கைத் தாண்டி வந்த பணம், டிஜிட்டல் இசைக்குறியீட்டைப் பார்வையற்றோருக்கான பிரெய்லுக்கு மாற்றும் வேலைக்கும் உதவியது. 2015-ல் பதிப்பு வெளிவந்தது. ஒரு புத்தகம், ஒரு ஒலிப்பதிவு, ஒரு மாற்றி: எது கிடைத்தால் வேலை முடிந்தது என்று பணம் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

இசைப்பதிவு மென்பொருளில் பெரும்பாலான வேலைக்கு அப்படியொரு எல்லை கிடையாது. கீபோர்டில் வாசிப்பதைச் சத்தமாக இல்லாமல் 'எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம்' என்ற குறிப்பாகப் பதிவதை மிடி என்பார்கள். ஆர்டோரில் அதற்கான வேலை 2006-ல் கூகுளின் கோடைகால மாணவர் திட்டத்தில் சூடுபிடித்தது. அது ஆர்டோர் 3.0 ஆகப் பயனர் கைக்கு வந்தது 2013-ல். ஏழு ஆண்டு இழுக்கும் வேலைக்கு முப்பது நாள் நிதி வசூலில் என்ன விலை போடுவது? போட்டாலும், வசதி வந்தபின் முளைக்கும் பிழைகளைத் திருத்துவதற்கும், அடுத்த விண்டோஸ் வந்து பழையதைக் கெடுக்கும்போது சரிசெய்வதற்கும் யார் பணம் தருவார்கள்? "பிழை திருத்தப் போகிறோம், நிதி தாருங்கள்" என்று கேட்டால் கிக்ஸ்டார்ட்டரில் கூட்டம் சேராது.

சந்தாவின் பலம் இங்கேதான். அது வசதியை வாங்கவில்லை, நிரலாளரின் மாதத்தை வாங்குகிறது. அந்த மாதத்தில் புதுமை நடக்கலாம், வெறும் துப்புரவும் நடக்கலாம். சந்தா கட்டியவர் தான் விரும்பும் வசதியை வரிசையில் முன்னுக்குத் தள்ள முடியாது. கிடைப்பது தயார் பதிப்பும் அதன் புதுப்பிப்புகளும் மட்டுமே. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் பிரபலப்படுத்திய, சிறு இசைத்துண்டுகளை நினைத்தபோது ஓடவிடும் வசதி 2022-ல்தான் ஆர்டோர் 7.0-இல் வந்தது. அதற்காகவே சந்தா கட்டி வந்தவர்களும், அதைத் தொடவே போகாதவர்களும் அதுவரை ஒரே உண்டியலில்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.